நேற்றுப் போட்ட ஊசி எங்கே போனது?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

மலர்க்குழு நண்பர்கள், "நீ மெக்கானிக்கல், ஏதாவது ஒரு மெஷினைப் பற்றி எழுது" என்றார்கள். மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அது நம் ஒர்க்‌ஷாப்பில் இல்லை. அதற்குக் கரண்டும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம். இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து மூடினாற்போல் ஒரு உருவம். ஒரு பக்கம் கீல். உள்ளே ஒரு சின்ன அறை. அறையில் ஒரு வெட்டும் இடம், அந்த இடத்தில் ஒரே ஒரு துத்தநாக அணு. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் அது இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. 'இன்சுலினைச் சிதைக்கும் நொதி' என்று அதற்குப் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஐ.டி.ஈ. என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன், இடமாவது மிச்சமாகும்.

டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் என்பதால் உங்களுக்கே தெரியும், படிக்கிற பிள்ளை என்றால் வீட்டுக்கு எல்லாம் தெரிந்தவன். ரேஷன் கடைச் சிக்கல், கரண்டு பில், பேங்க் பாரம், மாத்திரை அட்டையில் போட்டிருக்கிற எழுத்து, எல்லாம் நம்மிடம்தான் வரும். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடமாக அவளுக்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. ஒரு மாதக் கடைசியில், குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏய்யா, தினமும் போடுதோமே, நேத்து போட்டது எங்க போவுது? உள்ளதான சேந்து கெடக்கும்?"

கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சேர்ந்து கிடக்கிறது என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும், ஒரு குப்பி இரண்டு குப்பியாகும். பக்கத்து வீட்டு அத்தையும் "அது உடம்புல தங்கித் தங்கி வெஷமாயிரும் மதினி, விட்டு விட்டுப் போடுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது நானே கேட்டேன். "போடச் சொன்னா போடுங்க, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது, வரிசையும் நகர்ந்துவிட்டது. பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. அதைத் தேடிப் போய்த்தான் இந்த மெஷினைக் கண்டுகொண்டேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சேர்வதில்லை. ரத்தத்தில் ஓடும் இன்சுலினில் பாதி ஏறக்குறைய 5 நிமிடத்தில் காணாமல் போகிறது. மிச்சத்தில் பாதி அடுத்த 5 நிமிடத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்தில் 64-ல் 1 பங்குதான் மிச்சம். ஊசியில் போட்டது மட்டும் ஏன் பல மணி நேரம் வேலை செய்கிறது என்றால், தோலுக்கடியில் இருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்துக்குள் கசிகிறது. இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாக ஒட்டிக்கொள்ளும் குணம் உடையவை; அவற்றைச் சேர்த்துக் கட்டுவதும் துத்தநாகம்தான். அந்தக் கட்டு அவிழ்ந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் ரத்தத்துக்குள் சுலபமாகப் போக முடியும். ஆக, சேமிப்பு என்று ஏதாவது இருந்தால் அது தோலுக்கடியில், அதுவும் மணிக்கணக்கில்தான். ரத்தத்துக்குள் போன பிறகு சேமிப்பே கிடையாது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம கூலி மாதிரின்னு சொல்லு, அன்னைக்கு வந்தது அன்னைக்கே காலி" என்றாள். நான் இரண்டு நாள் படித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

இனி விஷயத்துக்குள் வருவோம். பத்தாம் வகுப்பில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கணையத்தில் லாங்கர்ஹான் திட்டுகள், அதில் பீட்டா செல்கள், அவை சுரப்பது இன்சுலின். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் இன்சுலின் வரும். தசையும் கொழுப்பும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், கல்லீரல் தன் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் ஒரு சிறிய புரதம். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 கொண்டது ஏ சங்கிலி, 30 கொண்டது பி சங்கிலி. இரண்டையும் கந்தகப் பாலங்கள் இரண்டு இணைக்கின்றன, ஏ சங்கிலிக்குள்ளேயே மூன்றாவதாக ஒரு பாலம். இந்த வரிசையை முழுதாகக் கண்டுபிடித்ததற்காகத்தான் இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கருக்கு 1958-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் நேராக உடம்பு முழுக்கப் போய்விடாது. முதலில் கல்லீரல் வழியாகப் போகவேண்டும். அங்கேயே ஏறக்குறைய பாதி பிடிபட்டுவிடுகிறது. மிச்சம்தான் மற்ற உறுப்புகளுக்கு. சிறுநீரகமும் ஒரு பங்கை எடுத்து அழிக்கிறது. செல்லின் வெளிச்சுவரில் இன்சுலினுக்கென்றே ஒரு வாங்கி இருக்கிறது. இன்சுலின் அதில் வந்து உட்காரும், செய்தி உள்ளே போகும். செய்தி போனதும் செல் அந்த இடத்தையே ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கி பெரும்பாலும் மறுபடி மேலே வந்துவிடும், இன்சுலின் வராது. உள்ளே உடைந்துவிடும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுகிற மாதிரி.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளை உடம்பு ஏன் இப்படி நிமிடத்தில் அழிக்கிறது? எனக்கு முதலில் இது வீண் செலவாகத்தான் பட்டது. பிறகு எங்கள் வீட்டில் ஒரு இரவு நடந்ததை நினைத்துப் பார்த்தேன். அம்மா ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரத்தில் தெருவில் ஏதோ சண்டை, விலக்கிவிடப் போய்விட்டாள். திரும்பி வரும்போது முக்கால் மணி நேரம். வந்ததும் முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம், என் பெயரைச் சொல்லத் தடுமாறினாள். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போவதைத் தாழ்நிலை என்கிறார்கள். மூளைக்குச் சர்க்கரைதான் முக்கிய எரிபொருள் என்பதால் அது மேலும் இறங்கினால் மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. மோட்டாரைப் போடத் தெரிந்தால் போதாது, தொட்டி நிரம்பினதும் நிறுத்தவும் வேண்டும் அல்லவா? இன்சுலினை அழிப்பது அந்த நிறுத்தும் வேலை. சாப்பாட்டுக்குச் சாப்பாடு, நிமிடத்துக்கு நிமிடம் அளவை மாற்ற வேண்டுமானால் பழைய செய்தி காற்றில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கனடாவின் டொரான்டோவில் 1921-ல் பான்டிங், பெஸ்ட் இருவரும் அதைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. காலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகுதான் நல்ல பலன் தெரிந்தது. அந்தப் பையன் அதன்பிறகு தினசரி ஊசியோடு 1935 வரை வாழ்ந்தான். ஆனால் அழிப்பவனைத் தேடிப் போனவர்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1949-ல் அமெரிக்காவில் மிர்ஸ்கி, புரோ-கான் என்ற இருவர், திசுக்களை அரைத்து எடுத்த சாறு இன்சுலினைச் செயலிழக்கச் செய்வதைக் காட்டி, அதற்குக் காரணமான பொருளுக்கு 'இன்சுலினேஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஐ.டி.ஈ.யின் பழைய பெயர் அதுதான். பிறகு 1988-ல் மனிதனின் ஐ.டி.ஈ.க்கான மரபணு வரிசை கண்டறியப்பட்டது. அது நம் 10-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிலும் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. பாக்டீரியாவுக்கு ஏது சர்க்கரை வியாதி? இன்சுலின் என்பது பிறக்கும் முன்பே இந்த வெட்டுகிற குடும்பம் இருந்திருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இப்போது மெஷினின் அமைப்பு. இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஐ.டி.ஈ. என்பது 1019 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரே சங்கிலி. இன்சுலினைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு பெரியது. அந்தச் சங்கிலி மடங்கி நான்கு பகுதிகளாகிறது. முதல் இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணம், அடுத்த இரண்டும் சேர்ந்து இன்னொரு கிண்ணம். இரண்டு கிண்ணங்களையும் 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வளையம் இணைக்கிறது. அதுதான் கீல். கடலில் கிடைக்கும் சிப்பியை நினைத்துக்கொள்ளுங்கள், திறக்கும், மூடும். மூடினால் உள்ளே ஒரு அறை உண்டாகிறது. அதன் கொள்ளளவு சுமார் 13,000 கன ஆங்ஸ்ட்ராம்.

ஆங்ஸ்ட்ராம் என்றால் நமக்கு மனதில் நிற்காது. ஸ்க்ரூ கேஜை எடுத்துக்கொள்வோம். அதன் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு லட்சம் ஆங்ஸ்ட்ராம் அடங்கும். 13,000 கன ஆங்ஸ்ட்ராமை ஒரு கனசதுரமாக வைத்தால் அதன் பக்கம் இருபத்து மூன்றரை ஆங்ஸ்ட்ராம். ஆக, ஸ்க்ரூ கேஜ் அளக்கக்கூடிய மிகச் சிறிய நீளத்தில் இப்படிப்பட்ட அறைகள் நாலாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். அந்த அறைக்குள் கீல், கொண்டி, ஸ்டாப்பர், பிளேடு எல்லாம் வைத்து ஒரு டிசைன்! நாம் ஒரு கோட்டர் ஜாயின்டைச் சரியாகப் பொருத்துவதற்குள் அரத்தோடு எத்தனை மல்லுக்கட்டுகிறோம்.

அறையின் அளவுதான் யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு தனி இன்சுலின் உள்ளே அடங்கும். ஆறு சேர்ந்த கட்டு அடங்காது. பெரிய புரதங்கள் உள்ளே வரவே முடியாது. இது ஒரு பெரிய பாதுகாப்பு. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்கின்றன. திறந்த கத்தி ஒன்று அங்கே அலைந்தால் என்ன ஆகும்? பவர் பிரஸ்ஸில் கார்டு மூடினால்தான் பஞ்ச் இறங்கும் என்று இன்டர்லாக் வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதே ஏற்பாடுதான். கிண்ணம் மூடினால்தான் வெட்டு ஒழுங்காக நடக்கும். பிளேடு இருப்பது முதல் கிண்ணத்தில். ஆனால் இரண்டாவது கிண்ணமும் வந்து பொருளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வைஸ் இல்லாமல் ஹேக்ஸாவை வைத்து என்ன செய்வது?

உள்ளே வந்த சங்கிலியை அது கண்ட இடத்தில் பிடிப்பதில்லை. வெட்டும் இடத்திலிருந்து சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தள்ளி ஒரு பிடி இருக்கிறது. சங்கிலியின் முதல் நுனி அதில் போய் மாட்டுகிறது. ஷியரிங் மெஷினில் தகட்டை ஸ்டாப்பர் வரை தள்ளிவிட்டு வெட்டுவோமே, அதுபோல. நுனி அங்கே மாட்டினதும் மீதிச் சங்கிலி அறைக்குள் நீண்டு பிளேடு வரை வருகிறது.

பிளேடு என்று நான் சொல்வது துத்தநாக அணுவும் அதைச் சுற்றியுள்ள சில அமினோ அமிலங்களும்தான். 108-ஆவதாகவும் 112-ஆவதாகவும் உள்ள ஹிஸ்டிடின்கள், 189-ஆவதாக உள்ள குளுட்டமேட், இந்த மூன்றும் துத்தநாகத்தை மூன்று தாடைச் சக்கில் பிடித்தாற்போல் பிடித்திருக்கின்றன. துத்தநாகம் ஒரு தண்ணீர் மூலக்கூறைத் தன்மேல் வைத்திருக்கிறது. 111-ஆவது குளுட்டமேட் அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனை இழுக்கிறது. உடனே அந்தத் தண்ணீர் வேகம் கொண்டு பக்கத்தில் வந்து கிடக்கும் சங்கிலியின் இணைப்பைத் தாக்குகிறது. இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆக, உண்மையில் வெட்டுவது தண்ணீர்! துத்தநாகம் அதைக் கூராக்கிக் கொடுக்கிறது. துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டால் வெட்டு நின்றுபோகும். கெமிஸ்ட்ரி லேபில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க பியூரெட்டில் இ.டி.டி.ஏ. ஊற்றினோமே, அதே இ.டி.டி.ஏ. இந்த நொதியையும் முடக்கும். உலோகத்தை அணைத்து இழுத்துக்கொள்வதுதானே அதன் வேலை.

இன்னொரு சின்னச் செய்தி. துத்தநாகம் வைத்து வெட்டுகிற நொதிகள் வேறு பலவும் உண்டு. அவற்றில் பலவற்றில் ஹிஸ்டிடின், குளுட்டமேட், யாரோ, யாரோ, ஹிஸ்டிடின் என்ற வரிசை இருக்கும். ஐ.டி.ஈ.யில் அது ஹிஸ்டிடின், யாரோ, யாரோ, குளுட்டமேட், ஹிஸ்டிடின். கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ். இருந்தும் அதே வேலையைச் செய்கிறது.

இன்சுலின் உள்ளே வந்ததும் என்ன ஆகிறது? நான் முதலில் அந்தக் கந்தகப் பாலங்களைத்தான் உடைக்கும் என்று நினைத்தேன். உடைக்க வேண்டியது அதைத்தானே, இரண்டு சங்கிலியும் தனித்தனியாகிவிடும். ஐ.டி.ஈ. பாலங்களைத் தொடுவதேயில்லை. ஏ சங்கிலியையும் பி சங்கிலியையும் நடுப்பகுதியில் வெட்டுகிறது. பாலத்தை விட்டுவிட்டு இரண்டு கரையையும் அறுத்தால் எப்படி? அந்த மாதிரி. மொத்த மூலக்கூறும் இரண்டு துண்டாகிவிடும். அப்புறம் அது வாங்கியில் உட்காராது, செய்தி சொல்லாது. அம்மா கேட்ட 'எங்க போவுது' என்பதற்குப் பதில் அதுதான். அந்தத் துண்டுகள் மேலும் பொடிந்து கடைசியில் அமினோ அமிலமாகி, மறுபடி வேறு புரதம் கட்டப் பயன்படும்.

இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. நல்ல மெஷினைப் படம் பிடிக்க முடியாது, அதற்குள் வெட்டிவிட்டு விட்டுவிடும். அதனால் அந்த 111-ஆவது குளுட்டமேட்டை மட்டும் மாற்றி, குளுட்டமின் என்ற வேறொன்றை வைத்தார்கள். பிளேடு மழுங்கிப் போயிற்று. பிடிக்கும், மூடும், வெட்டாது. வாயில் கவ்வியபடி நின்ற அந்த நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரை அதன்மேல் பாய்ச்சி, சிதறிய புள்ளிகளைக் கணக்கிட்டு உருவத்தை எழுப்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் வெய்-ஜென் டாங் குழுவினர் 2006-ல் வெளியிட்ட வேலை அது. எக்ஸ்ரே வந்தது பக்கத்திலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்திலிருந்து. அங்கே எலெக்ட்ரான்கள் சுற்றி ஓடும் வளையத்தின் சுற்றளவு 1,104 மீட்டர். இருபத்து மூன்றரை ஆங்ஸ்ட்ராம் அறையைப் பார்க்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள கருவி! முழு இன்சுலினை உள்ளே வைத்த படம் 2009-ல் வந்தது. 2018-ல் அதே குழுவினர், நொதியைச் சட்டென்று உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் முறையில், கிண்ணம் திறந்திருப்பது, பாதி திறந்திருப்பது, மூடியிருப்பது என்று பல நிலைகளையும் காட்டினார்கள்.

2006 வேலையில் எனக்கு ஆச்சரியம் தந்தது கொண்டிதான். இரண்டு கிண்ணங்களின் விளிம்புகளும் மூடும்போது ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று சில அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தார்கள். வெட்டும் திறன் 40 மடங்கு வரை கூடிவிட்டது! அதாவது இந்த மெஷின் பெரும்பாலும் மூடியபடியே இருக்கிறது, திறந்தால்தான் அடுத்த சரக்கு உள்ளே வரும். 40 மடங்கு ஓடக்கூடியதை இயற்கை ஏன் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், விஞ்ஞானம் படித்தவர்கள் மன்னிக்கவும். அதைத் தளர்த்திவிட்டால் இன்சுலின் செய்தி சொல்லும் முன்பே சிதைந்துவிடும். கவர்னர் இல்லாத இன்ஜின் மாதிரி.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு யோசனை வந்திருக்கும். எனக்கும் வந்தது. இன்சுலினை அழிப்பது இதுதான் என்றால், இதை ஒரு மாத்திரையால் முடக்கிவிட்டால் என்ன? உள்ள இன்சுலின் அதிக நேரம் இருக்கும், ஊசி குறையும். மிர்ஸ்கி காலத்திலிருந்தே அறிஞர்களுக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெயரில் இன்சுலின் இருந்தாலும் இது இன்சுலினை மட்டும் வெட்டுவதில்லை. அறைக்குள் அடங்குகிற, வளைந்து கொடுக்கிற வேறு சில சங்கிலிகளையும் வெட்டும். அதில் ஒன்று குளுக்ககான், 29 அமினோ அமிலம். பத்தாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? ஆல்ஃபா செல்லில் இருந்து வருவது, இன்சுலினுக்கு நேர் எதிர், சர்க்கரையை ஏற்றுவது. ஒரே வெட்டுக்கூடத்தில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இரண்டுமே வெட்டுப்படுகின்றன!

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லியூ குழுவினர் இந்த நொதியை முடக்கும் ஒரு நல்ல மருந்துப் பொருளைக் கண்டுபிடித்து, 2014-ல் வெளியிட்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தார்கள். வாய்வழியாகச் சர்க்கரை கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. அதே சர்க்கரையை வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்தியபோது நிலைமை மோசமானது. வாய்வழியாக வரும்போது குடல் செய்தி அனுப்பி இன்சுலின் நிறையச் சுரக்கும், அப்போது நொதியை முடக்கினால் லாபம் இன்சுலினுக்கு. மற்ற நேரத்தில் லாபம் குளுக்ககானுக்குப் போய்விடுகிறது. ஒரே மருந்து, இரண்டு விதப் பலன்.

மூளை விஷயம் இன்னும் கனமானது. முதுமையில் நினைவு அழியும் அல்ஸைமர் நோயில், அமிலாய்டு பீட்டா என்ற 40, 42 அமினோ அமிலத் துண்டுகள் மூளையில் படிந்து கட்டியாகின்றன. 1994-ல் வெளிவந்த ஆய்வு, ஐ.டி.ஈ. அந்தத் துண்டுகளையும் வெட்டுவதைக் காட்டியது. 2003-ல் இந்த நொதியே இல்லாமல் பிறக்கவைத்த எலிகளைப் பார்த்தார்கள். மூளையில் அமிலாய்டு கூடியிருந்தது, ரத்தத்தில் இன்சுலினும் கூடியிருந்தது. இன்சுலின் கூடினால் சர்க்கரை குறைய வேண்டுமே? குறையவில்லை. அந்த எலிகளுக்குச் சர்க்கரையைத் தாங்கும் சக்திதான் குறைந்திருந்தது. எந்நேரமும் கத்திக்கொண்டே இருந்தால் யார் காது கொடுப்பார்கள்? செல்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, இந்த நொதியை எப்போதும் முடக்கி வைக்கிற மாத்திரை சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது செய்யுமா என்று பயப்பட நியாயம் இருக்கிறது.

இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 2018-ல் வந்த ஆய்வு ஒன்றில், எலியின் கல்லீரலில் மட்டும் ஐ.டி.ஈ. இல்லாமல் செய்தார்கள். கல்லீரல்தான் பாதி இன்சுலினைப் பிடிக்கிறது என்று முன்னே சொன்னேனே, அங்கே இதை எடுத்துவிட்டால் ரத்தத்தில் இன்சுலின் தேங்க வேண்டும். தேங்கவில்லை! ரத்தத்திலிருந்து இன்சுலின் வெளியேறும் வேகம் அப்படியே இருந்தது. மாறாக, கல்லீரல் இன்சுலினுக்குக் கீழ்ப்படிவது குறைந்தது. இன்சுலினை அழிக்கச் செல்லுக்குள் வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல். இந்த நொதிக்கு 'இன்சுலினைச் சிதைப்பது' என்று பெயர் வைத்தவர்கள் அதன் பல வேலைகளில் ஒன்றை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம்மூரில் ஒருவருக்குச் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் கடைசி வரை ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

ஒரு கேள்வி நிச்சயம் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் குத்துவதற்குப் பதில் இன்சுலினை மாத்திரையாக விழுங்கினால் என்ன? அங்கே தடை ஐ.டி.ஈ. அல்ல, வயிறும் குடலும். பெப்சின், டிரிப்சின் போன்ற செரிமான நொதிகளுக்கு இன்சுலின் என்பது பருப்பு, முட்டை மாதிரி இன்னொரு புரதம், அவ்வளவுதான். ரத்தத்துக்குள் போவதற்கு முன்பே செரித்துவிடும். குப்பியை வெயிலில் வைத்தால் கெட்டுப்போவதும் வேறு விஷயம். சூட்டில் புரதத்தின் மடிப்பு குலைந்துவிடும். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வது அதனால்தான். உறைய விட்டாலும் கெடும், ஆகவே ஃபிரிட்ஜ் உள்ளவர்களும் ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

வீட்டில் ஊசி போடுகிறவர்கள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஆனால் "சேர்ந்து கிடக்கும், விட்டு விட்டுப் போடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த 5 நிமிடக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு நான் அப்படித்தான் சொன்னேன், அடுப்புக் கரியால் தரையில் 64-ல் 1 பங்கு வரை பாதி பாதியாக வெட்டிக் காட்டி.

மெஷினை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. இப்படிக் கண்டுபிடித்த புரத உருவங்களையெல்லாம் உலகப் பொதுவில் ஒரு தகவல் வங்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. இன்சுலினின் பி சங்கிலியை வாயில் கவ்வியபடி இருக்கும் ஐ.டி.ஈ.யின் எண் அங்கே 2ஜி54. காட் லேபில் நாம் பிளம்மர் பிளாக்கைச் சுழற்றிப் பார்ப்பது போல அதையும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். செல்போனில் சின்னதாகத் தெரியும், லேபில் பெரிய திரையில் பாருங்கள். இரண்டு கிண்ணமும் சேரும் இடத்தை முன்னால் கொண்டுவந்து, உள்ளே எட்டிப் பார்த்தால் தனியாக ஒரு உருண்டை தெரியும். அதுதான் அந்தத் துத்தநாகம்.